பளபளப்பான பக்கம்

எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். இப்போது ஏழு நாலு. பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, மனைவி ரோஸ்லின் மூடி வைத்திருந்த நாலு இட்லியில் ஒன்றைத் தின்று, மூன்றை மறுபடியும் மூடிவிட்டுப் படுத்தாயிற்று. தூக்கம் வராது என்று தெரிந்தே படுப்பது ஒரு பழக்கம். ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறோம், பகலில் தூங்குகிறவன் வீட்டு ஜன்னல். வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது அந்தப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும், தலைகீழாக இல்லை, இடம் வலம் மாறி. நகைக்கடை விளம்பரத்தின் மேல் ஒரு மரண அறிவிப்பு திரும்பி நின்றுகொண்டிருக்கிறது. தூக்கம் வராத காலைகளில் அதைப் படித்துப் பழகிவிட்டேன். திரும்பிய எழுத்தை என்னளவுக்கு வேகமாகப் படிக்கிறவன் இந்தத் திருச்சியிலேயே இருக்க மாட்டான். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்திருக்கிறது. நடந்திருக்கிறதா என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தட்டு போதும், போனில் படத்தைத் திறந்து, புரட்டு என்கிற குறியை ஒரு தட்டு. செய்தி வந்த ராத்திரி பதினொன்றிலிருந்து தட்டவில்லை. "வணக்கம். நான் மாதங்கி, நடிகர் சாரங்கன் அவர்களின் மகள். உங்கள் பதிவைப் படித்தேன். அப்பா வலது கைக்காரர். உங்களிடம் பேச வேண்டும். காலை எட்டு மணிக்கு அழைக்கலாமா, எண் அனுப்புங்கள்." விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு எண்ணை அனுப்பினேன். அனுப்பாமலிருந்திருக்கலாம். பார்க்காதது போல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்துவிட்டேன் என்பது அந்தப் பக்கம் தெரிந்துவிட்டிருக்கும்.

வலது கைக்காரர். இரண்டு சொல்லில் பாதிப் பதிவு போயிற்று. போன மாதம் ரோஸ்லினின் டிரங்குப் பெட்டியில் பழைய பஸ் பாஸ் உறைக்குள்ளிருந்து ஒரு ஃபிலிம் துண்டு கிடைத்தது. தொண்ணூற்றைந்தில் எடுத்த படம். நான் ராத்திரி வேலை பார்க்கிற லாட்ஜில் தங்கியிருந்த நாகர்கோவில் கல்யாண போட்டோகிராபர் செல்வின் எடுத்தது. இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் நெகடிவை மட்டும் அனுப்பினான், "அண்ணே, பிரிண்ட் நீங்களே போட்டுக்குங்க" என்று ஒரு துண்டுச்சீட்டோடு. போடவில்லை. ஏன் போடவில்லை என்றால், ஸ்டூடியோ திறந்திருக்கும் நேரத்தில் நான் தூங்குகிறேன். நான் விழித்திருக்கும் நேரத்தில் ஸ்டூடியோ தூங்குகிறது. முப்பத்தொரு வருஷமாக என் பல காரியம் இப்படித்தான் நின்றுபோயிருக்கிறது. எப்போதாவது டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், கறுப்புப் பல்லும் வெள்ளைத் தலைமுடியுமாக இரண்டு பேய்கள் மேஜைக்கு இரண்டு பக்கமும் நிற்கும். அப்புறம் துண்டு தொலைந்தது, அதுவும் மறந்தது. இப்போது கிடைத்ததும் யாரோ யூடியூபில் சொன்னபடி, ரோஸ்லின் போனில் வெள்ளைத் திரையை எரியவிட்டு, அதன்மேல் ஃபிலிமை வைத்து, என் போனால் படமெடுத்து, நிறத்தை மாற்றினேன். முப்பது வருஷம் கழித்து சாரங்கன் நிறத்தோடு எழுந்து வந்தார். கோடு போட்ட சட்டை, நெற்றியில் மஞ்சள் வெயில், ரிஜிஸ்தரில் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். இடது கையால். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் மரஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் அடித்தும், வீட்டில் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவியும் மாறாத கை. நொட்டாங்கை என்பதே என் பெயராக இருந்தது ஏழாவது வரைக்கும். ஒரு ஃபிலிம் துண்டை எந்தப் பக்கமாக வைக்க வேண்டும், பளபளப்பான பக்கம் மேலேயா, மங்கல் பக்கம் மேலேயா, அதை நான் யோசிக்கவே இல்லை. மங்கல் பக்கம் கீறிவிடும் என்று அதை மேலே வைத்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏழு பதிமூன்று. குழாயில் தண்ணீர் வருகிற சத்தம், ரோஸ்லின் குடத்தை நகர்த்துகிறாள். "ஏங்க, தூங்கலயா? போன நெஞ்சு மேல வச்சுக்கிட்டு என்ன தவமா?" என்கிறாள். தூங்குகிறேன் என்கிறேன். "தூங்கறவன் பதில் சொல்ல மாட்டான்" என்கிறாள். இவளுக்கு நான் பிளாக் எழுதுவதில் எப்போதுமே ஓர் இளக்காரம். ஊரில் உள்ள நடிகனெல்லாம் உங்களுக்குத்தான் அங்காளி பங்காளி என்பாள். அப்படியொன்றும் இல்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் ராத்திரி உட்கார்ந்தால் யாரும் வருவார்கள். ஒரு சிரிப்பு நடிகர் நடுராத்திரியில் வந்து, குளிக்க வெந்நீர் இல்லை என்றதும் அழுதார், நிஜமாகவே அழுதார். ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் இரண்டு சுருதியில் குறட்டை விட்டார், அணிக்கொன்று. ஒரு பாடகியம்மா கொசுவைப் பற்றி என்னிடம் இருபது நிமிஷம் பேசினார், அந்தக் குரலில் கொசுவைப் பற்றிக் கேட்டதும் ஒரு பாக்கியம். இதையெல்லாம் எழுதினேன். நூறு பேர் படிப்பார்கள், பன்னிரண்டு பேர் பதில் போடுவார்கள். போதும் என்றுதான் இருந்தேன். சாரங்கன் பதிவு அப்படி இல்லை. நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஏனென்றால் நான் அந்த வாக்கியத்தை எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து, நான் பேனா பிடிக்கும் கையைப் பார்த்து, "நீயும் நொட்டாங்கையா? நம்ம ஆளு. விடாம எழுது" என்றார். அதற்காகத்தான் நான் எழுத ஆரம்பித்தேன் என்றும் எழுதினேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன், பார்சல் கட்டி வந்த காகிதத்தில் படித்து வளர்ந்தவன், ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை ராத்திரியும் எழுதினான் என்று. துறையூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள், மகனின் இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டி வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுத வைப்பாளாம், மாமியார் சொன்னபடி. என் பதிவைப் படித்துவிட்டு அவிழ்த்துவிட்டாளாம். அவிழ்த்த கையோடு அந்தப் பிள்ளை போட்ட யானைப் படத்தையும் அனுப்பியிருந்தாள். யானைக்கு ஐந்து கால்.

அவர் வலது கைக்காரர் என்றால் நம்ம ஆளு என்று ஏன் சொல்கிறார். சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் யார் சொன்னது. அந்த வாக்கியம் எனக்குள் ஒரு குரலில் கேட்கிறது, அவருடைய கரகரப்பான குரலில், நொட்டாங்கையா என்பதில் ஒரு சின்னச் சிரிப்போடு. எத்தனை வருஷமாகக் கேட்கிறது? முப்பது வருஷமாகவா, போன மாதம் படத்தை நிறம் மாற்றிப் பார்த்த நிமிஷத்திலிருந்தா? இதை ரோஸ்லினிடம் கல்யாணத்தின்போது சொன்னேனா? கேட்கலாம். கேட்டு, சொன்னதே இல்லையே என்று அவள் சொல்லிவிட்டால்? கேட்கவில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர், முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவராம், பதிவுக்குக் கீழே எழுதினார், "ஐயா, ஃபிலிமை எந்தப் பக்கம் வைத்து எடுத்தீர்கள்? இரண்டு பேருக்கும் சட்டைப் பை வலது பக்கம் இருக்கிறதே." மூன்று நாள் முன்னால். நான் அதை அழித்துவிட்டேன். கை தானாகப் போய் அழித்தது, கொசுவை அடிப்பது போல. அழித்துவிட்டு, இருபத்திரண்டாம் ரூமுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன், ஏறும்போது என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இடது பக்கம். எல்லார் சட்டையிலும் இடது பக்கம். அப்படியும் படத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அதைத்தான் மாதங்கி கேட்கப் போகிறார். எங்கப்பாவைப் பற்றிப் பொய் எழுதி நாலாயிரம் பேரைக் கூட்டியிருக்கிறீர்களே, யார் நீங்கள். வக்கீல் நோட்டீஸ் வரும். சாரங்கன் குடும்பம் மறுப்பு என்று போடுவார்கள். லாட்ஜ் முதலாளியின் மகன் போனில் எல்லாவற்றையும் பார்க்கிறவன், கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பான். துறையூர்ப் பெண்ணின் மாமியார் கைக்குட்டையை எடுத்து வருவாள்.

ஏழு முப்பத்தொன்று. இந்த நேரத்துக்கு அந்தக் காலத்தில் எனக்கு ட்யூட்டி முடியும், ஏழரைக்குப் பகல் ஆள் குருமூர்த்தி வருவார், விபூதி வாசனையோடு. இப்போது ஆறுக்கே மாற்றிவிட்டார்கள். குருமூர்த்தி பெயரையும் இழுத்திருக்கிறேன். பதிவில் நான் என்ன எழுதினேன்? படத்தில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது, எண் போடாத, கோடு மட்டும் போட்ட கடிகாரம், அதில் மணி நாலு ஐம்பது. ஆகவே மாலை நாலு ஐம்பது என்று எழுதினேன். ராத்திரி ஆள் மாலையில் ரிசப்ஷனில் என்ன செய்தான் என்று எனக்கே கேள்வி வந்தது, உடனே பதிலும் வந்தது. குருமூர்த்திக்கு அன்றைக்குக் காய்ச்சல், நான் அவருக்காக உட்கார்ந்தேன். வந்த பதில் வெறும் பதிலாக வரவில்லை. அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டோர் ரூமில் படுத்திருந்தது, எதிர்க் கடையில் நான் கஞ்சி வாங்கிக் கொடுத்தது, கஞ்சியில் உப்பில்லை என்று அவர் முகம் சுளித்தது, எல்லாம் வந்தது. மாலை வெயில் வாசலில் நுழைந்து சாரங்கன் நெற்றியில் விழுந்தது என்றும் எழுதினேன். படித்தவர்கள் அந்த வரியைத்தான் எடுத்தெடுத்துப் பாராட்டினார்கள். லாட்ஜின் வாசல் கிழக்கே பார்த்தது. முப்பத்தொரு வருஷமாக நான் அந்த வாசலில் காலை வெயிலைத்தான் பார்த்து வருகிறேன், கண் கூச, கணக்கு நோட்டை நெற்றியில் பிடித்துக்கொண்டு. சாயங்கால வெயில் அங்கே நுழைய வேண்டுமென்றால் கட்டடத்தைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலில் திரும்பி நிற்கும் மரண அறிவிப்பில் இருக்கிற பெரியவர் என்னைப் பார்க்கிறார். போனை எடுத்து ஒரு தட்டு தட்டினேன்.

சத்தமில்லாமல் புரண்டது. சட்டைப் பைகள் இடது பக்கம் வந்து உட்கார்ந்தன. பேனா அவருடைய வலது கைக்குப் போயிற்று. கடிகாரத்தில் மணி ஏழு பத்து. காலை. செல்வின் கழுத்தில் கேமராவோடு ஏன் கீழே வந்தான் என்று இப்போது தெரிகிறது, முகூர்த்தத்துக்குக் கிளம்பியவன். குருமூர்த்திக்குக் காய்ச்சல் இல்லை, அவர் அப்போது வீட்டில் விபூதி பூசிக்கொண்டிருந்திருப்பார். அப்படியென்றால் கஞ்சி வாங்கிக் கொடுத்தது யாருக்கு? யாருக்காவது கொடுத்தேனா? ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வருகிறது, பின்னல் விட்ட ஸ்வெட்டர் மாதிரி, இன்னும் கொஞ்சம் இழுத்தால் சாரங்கனும் வரவில்லை, நான் லாட்ஜிலும் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். படத்தில் இல்லாதது ஏதாவது. படத்தைப் பார்த்து நான் செய்திருக்க முடியாதது ஏதாவது. அப்போதுதான் அது வந்தது. புதிதாக இல்லை, எப்போதும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்ததுதான், பதிவு எழுதும்போதுகூட வந்தது, எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டேன். அவர் கேட்டார், "தம்பி, எஸ்டிடி பூத் எப்பத் திறப்பாங்க?" மாலை நாலு ஐம்பதுக்கு யாராவது இதைக் கேட்பார்களா? எதிரிலேயே பூத், சிவப்பு எழுத்துப் போர்டு, ராத்திரி பத்து வரை ஆள் இருக்கும். அதனால் விட்டுவிட்டேன். கதைக்குப் பொருந்தாத ஒரே துண்டு. "எட்டு மணிக்குத்தான் சார் வருவான்" என்று நான் சொன்னேன். லாட்ஜ் போனில் வெளியூர் பேசும் எஸ்டிடி கிடையாது, டயலில் பூட்டு வேறு. அவர் ரூமுக்குப் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். தலை ஈரமாக இருந்தது, பஸ் ஸ்டாண்டு குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்க வேண்டும், பை எதுவும் இல்லை. ஒரு தடவை எழுந்து ரோட்டைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். ஏழரைக்கு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போனபோது அவருக்குக் கொடுத்த பதினாலாம் நம்பர் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. இத்தனை ராத்திரி எதற்கு எழுதினேன்?

எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே போன் கையில் அதிர்ந்தது.

"இருதயராஜ் சாருங்களா? நான் மாதங்கி. நைட் ட்யூட்டின்னு எழுதியிருந்தீங்க, தூங்கற நேரத்துல கூப்பிட்டுட்டேனா?"

"இல்லம்மா, பரவால்ல. அம்மா, நானே சொல்லிடறேன். தப்பு நடந்துபோச்சு. ஃபிலிமைத் திருப்பி வச்சு எடுத்துட்டேன். சார் வலது கைதான். இப்பத்தான் பாத்தேன். ஒருத்தர் முன்னாடியே சொன்னாரு, அதையும் நான்தான் அழிச்சேன். பதிவ எடுத்துடறேன், மன்னிப்பும் போட்டுடறேன்."

"சார், அதுக்கு நான் கூப்பிடல."

சமையலறையில் ரோஸ்லினின் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அது எந்த மாசம்னு நிச்சயமாத் தெரியுமா?"

"ஆவணிம்மா. தொண்ணூத்தஞ்சு. முகூர்த்தம்னு லாட்ஜ் நிறைஞ்சிருந்துச்சு."

"ஆவணிதான்," என்றார். "அந்தக் கோடு போட்ட சட்டை எனக்குத் தெரியும் சார். அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனாரு. எனக்குப் பன்னெண்டு வயசு. ராத்திரி அம்மாவோட சண்டை. காலையில பாத்தா ஆள் இல்ல. ஷூட்டிங்கும் இல்ல. நாலு நாள் கழிச்சு அவரா வந்தாரு. எங்க போனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அம்மா கேக்கவும் இல்ல. வீட்ல அதைப் பத்தி யாரும் பேசக் கூடாது, அப்படி ஆயிடுச்சு. இப்ப ரெண்டு பேரும் இல்ல. நேத்து உங்க படத்தப் பாத்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. எப்படி இருந்தாரு சார்? என்ன பேசினாரு?"

அந்த வாக்கியம் தயாராக நாக்கில் நின்றது. நாலாயிரம் பேருக்குப் பிடித்த வாக்கியம். இடது கை விஷயம்தான் தப்பு, விடாம எழுது என்றது உண்மை என்று சொன்னால் இந்தப் பெண் சந்தோஷப்படும், நம்மப்பா அந்த நிலைமையிலும் ஒருத்தனுக்கு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று. எனக்கும் மிஞ்சும். யாரிடமும் சாட்சி இல்லை. செல்வின் செத்துப் பத்து வருஷம்.

"நான் எழுதினதுல முக்காவாசி இப்ப எனக்கே நிச்சயமில்லம்மா," என்றேன். "ஒண்ணே ஒண்ணு நிச்சயம். அதை நான் எழுதல. எஸ்டிடி பூத் எப்பத் திறப்பாங்கன்னு கேட்டாரு. மணி அப்ப ஏழு பத்து. எட்டு மணிக்குன்னு சொன்னேன். ரூமுக்குப் போகாம வாசல் பெஞ்சுல உக்காந்துட்டாரு, சாவியக் கையில வச்சுக்கிட்டு. ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஏழரைக்கு என் ட்யூட்டி முடிஞ்சு நான் போயிட்டேன். போன் பண்ணினாரான்னு எனக்குத் தெரியாதும்மா."

"எட்டு மணிக்கா?"

"எட்டு மணிக்குத்தான் அவன் ஷட்டரத் தூக்குவான்."

"எட்டுக்கு நானும் தம்பியும் ஸ்கூலுக்குப் போயிருப்போம்," என்றார், எனக்குச் சொல்வது போல் இல்லை. "லாரித் தண்ணியும் அப்பத்தான் வரும். அம்மா குடத்தத் தூக்கிக்கிட்டுத் தெரு முனைக்குப் போயிடுவாங்க. அரை மணி நேரம் வீட்ல யாரும் இருக்க மாட்டோம்."

போன் அடித்துக்கொண்டே இருக்கிற ஒரு காலி வீடு எனக்குத் தெரிந்தது. நான் பார்க்காத வீடு. பூத் கண்ணாடிக்குள் கோடு போட்ட சட்டை. இதையும் நானே செய்துகொள்கிறேன், உடனே நிறுத்த வேண்டும்.

"பண்ணாமலும் இருந்திருக்கலாம்மா."

"தெரியும் சார். ஆனா திறக்கற வரைக்கும் உக்காந்திருந்தாரு இல்ல?"

"நான் கிளம்பற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அது நிச்சயம்."

"போதும் சார்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சரியான படத்த எனக்கு அனுப்புங்க. எழுத்து உங்க இஷ்டம்."

வைத்துவிட்டார். ரோஸ்லின் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறாள், கையில் அந்த மூன்று இட்லி. எதுவும் கேட்காமல் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறாள். நான் படத்தை அனுப்பினேன். அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன், அவர் முகத்தை, ஈரத் தலையை, குனிந்த கழுத்தை. இவ்வளவு நாளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளை நான் பார்க்கவே இல்லை. இருபத்துமூன்று வயது, ராத்திரி முழுக்க விழித்த கண். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பழைய முதலாளி சொன்ன சட்டம் ஒன்று உண்டு, சாவியையும் சில்லறையையும் சோத்தாங்கையால் கொடு, வருகிறவன் முகம் சுளிப்பான். இன்று வரைக்கும் நான் மீறியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பதிவிலும் எழுதியிருந்தேன், பணிவாக வலது கையால் சாவியைக் கொடுத்தேன் என்று. படத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது புரட்டிய படத்தில் பேனா அவருடைய வலது கையில் இருக்கிறது. பதினாலாம் நம்பர் சாவியை நீட்டுகிற என் கை இடது. அதை வாங்குகிற அவருடைய கையும் இடது, வேறு கை காலியில்லை. அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், புள்ளி புள்ளியாக உடைகிற வரைக்கும். சுளிப்பு இல்லை.

பழைய பதிவு முழுவதையும் எடுத்துவிட்டேன். மாலை வெயிலையும், காய்ச்சலையும், அந்த வாக்கியத்தையும். துறையூர்ப் பெண் படிப்பாள் என்பதையும் நினைத்துக்கொண்டு, படத்தைச் சரியான பக்கமாக வைத்து, கீழே தட்டச்சு செய்தேன். முன்பு போட்டது திருப்பி வைத்து எடுத்த படம். சட்டைப் பையைக் கவனித்து முதலில் சொன்னவர் பட்டுக்கோட்டைக்காரர், அவர் எழுதியதை அழித்தவன் நான். சாரங்கன் வலது கைக்காரர். சாவி கொடுக்கும் இடது கை என்னுடையது.